ஏழாம் எண் காற்று

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி விமானத் திடல் பக்கத்து வானிலைக் கூடத்தில் எனக்கு வேலை. காற்றை அளக்கும் கருவி பழுதானால் கண்ணால் பார்த்துத்தான் எண் போட வேண்டும். மரம் முழுக்க ஆடினால் ஏழு. சின்னக் கிளைகள் ஒடிந்து விழுந்தால் எட்டு. ஏழு வரை தாழ்வு மண்டலம், எட்டிலிருந்து புயல். கடலில் எத்தனை கப்பலை உலுக்கிய காற்றானாலும், எங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்பதை முற்றத்து வேப்பமரம்தான் சொல்லும்.

அந்த ஐப்பசியில் கருவி ஒரு வாரமாக மக்கர். "கரையைக் கடந்து வலுவிழந்துவிட்டது" என்று மேலிடத்துத் தந்தி காலையிலேயே வந்துவிட்டது. ஆனால் பாரமானியில் பாதரசம் இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை விரலால் தட்டிப் பார்த்தேன். வெளியே பகல் பதினோரு மணிக்கே விளக்கு வைக்கும் நேரம் போல இருட்டு. ஒரு காக்கைகூடக் கண்ணில் படவில்லை.

பதினொன்றரைக்குக் குறிப்பெடுக்க வெளியே வந்தேன். மரத்தடியில் பச்சைக் கிளைகள் கிடந்தன. ஆடு மேய்ப்பவர்கள் அங்கே தொரட்டியால் கிளை இழுத்துப் போடுவது வழக்கம். அவர்கள் வேலையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காற்றில் எந்த மடையன் ஆடு ஓட்டி வருவான்? எட்டு போட்டால் மேலிடத்துத் தந்தி தப்பு என்றாகும். புதிதாக வேலைக்கு வந்தவனுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. ஏழு என்று மையால் எழுதினேன்.

என் அண்ணன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். அன்று லீவு போட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்தில் தாய் வீட்டில் இருந்த அண்ணியை அழைத்து வரக் கிளம்பியவர், எனக்குச் சாப்பாடு கொடுப்பதற்காகச் சுற்றிக்கொண்டு வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டார்.

"புயலாடா? சொல்லு, நாளைக்குப் போயிக்கறேன்."

"இல்லண்ணே. வெறும் தாழ்வு மண்டலம்தான். போயிட்டு வாங்க."

சிரித்துக்கொண்டே போனார். சிந்தாமணியில், காவிரிப் பாலத்துக்குச் சற்று முன்னால், சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரம் அவர் மேல் விழுந்தது. சாயங்காலம் வந்து சொன்னார்கள்.

சில வருஷம் கழித்து, பழைய புயல்களின் பாதைகளைப் படமாக வரைய மேலிடம் குறிப்புகள் கேட்டது. அந்த நாளின் பக்கத்தைப் பிரதி எடுக்கும் வேலை என்னிடமே வந்தது. எட்டு என்று திருத்தக் கை பரபரத்தது. பதிவேட்டைத் திருத்தக் கூடாது என்பது விதி. அந்த விதிக்குப் பின்னால் கோழை மாதிரி ஒளிந்துகொண்டேன். ஏழு என்றே அனுப்பினேன்.

அச்சான படத்தைப் பார்க்க வேண்டும் என்று அண்ணி சொல்லியனுப்பினார். சாதாரணக் காற்றில் ஜாக்கிரதை இல்லாமல் போய்ச் செத்தவர் என்று ஊர் சொன்னதை இத்தனை வருஷமும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். புயல் என்று அச்சில் பார்த்துவிட்டால் போதும் அவருக்கு. ஸ்ரீரங்கத்துக்கு எடுத்துப் போனேன். கடலில் கருப்பாக வந்த முழுக்கோட்டின் மேல் அவர் விரலை நகர்த்தினார். கரை தாண்டியதும் கோடு புள்ளிகளாகி எங்கள் ஊர் மேல் போனது.

"இங்க ஏன் தம்பி புள்ளி புள்ளியா இருக்கு?"

"இங்க வந்தப்ப அது புயல் இல்லைங்க அண்ணி."

"அந்த மரம் வேரோட கிடந்ததை நான் பாத்தேன். புயல் இல்லைன்னு யாரு எழுதினது?"

"நான்தான் அண்ணி," என்றேன். "அண்ணன்கிட்டயும் நான்தான் சொன்னேன்."