கீழ் வரிசை முதல் பட்டன்

"என் கை எப்படிச் சரியாச்சுன்னு தெரிஞ்சு ஒங்களுக்கு என்ன ஆகப்போகுது? அடுப்புல ஒல கொதிக்குதான்னு போய்ப் பாருங்க." கேட்கிறவர்களை எல்லாம் இப்படித்தான் திட்டுவேன். திட்டிவிட்டுச் சொல்லியும் விடுவேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு ஒடிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கை முழுதாகத் திரும்பவில்லை. மற்றதெல்லாம் போகட்டும், கொண்டை போட முடியவில்லை. கீரனூரிலிருந்து வாழ வந்த என் மருமகள் காலையில் சீப்போடு வந்து நிற்பாள். நல்லவள்தான். ஆனால் அவள் போடும் கொண்டை காதோரம் தொங்கும். சாகிறவரை இந்தக் கோணல் கொண்டைதானா என்று உள்ளுக்குள் எனக்குப் பயம்.

அப்போதுதான் மகன், டிவியில் மாட்டும் விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். முன்பு புதுக்கோட்டை வீடியோ கேம் கடையில் ஆள் உயரத்துக்கு நின்ற சண்டை விளையாட்டு மிஷினை வீட்டுக்குள் அடங்குகிற மாதிரி சுருக்கியிருந்தார்கள். குச்சியும் ஆறு பட்டனும் வைத்த பலகை மட்டும் அப்படியே இருந்தது. சண்டைக்காரர்களுக்குப் பின்னால் நின்று கைதட்டும் கூட்டம்தான் பாதியாகக் குறைந்திருந்தது.

"ஆத்தா, இந்தக் குச்சியப் பிடிச்சு ஆட்டு. டாக்டரு மணிக்கட்டத் திருப்பச் சொன்னாருல்ல" என்றான்.

அவனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில், ஜவுளிக்கடையில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த அந்த வீடியோ கேம் கடையைத்தான் நான் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். கடை திறக்குமுன் மிஷினைச் சோதிப்பதும் என் வேலை. "குச்சியக் கீழேருந்து முன்னால சுத்தி, கீழ் வரிசை மொதப் பட்டன அமுக்குங்க. படத்துல நம்ம ஆளு கையிலேருந்து நெருப்பு வந்தா மிஷின் நல்லாருக்கு" என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். ஒரு நாளும் தப்பியதில்லை.

இப்போது சுற்றினேன், அமுக்கினேன். நெருப்பு வரவில்லை. என் ஆள் சும்மா காலைத் தூக்கி உதைத்தான். மறுபடி சுற்றினேன். மறுபடி உதை. மணிக்கட்டு பாதிதான் சுற்றுகிறது என்று நினைத்தேன். பலகையைத் தள்ளி வைத்தேன்.

"கை போச்சுடா."

"இரு, நான் போட்டுக் காட்டுறேன்" என்று மகன் குச்சியை வாங்கிச் சுற்றினான். அவனுக்கும் உதைதான் வந்தது. "எனக்கும் வரமாட்டேங்குதே!"

பூண்டு உரித்துக்கொண்டிருந்த மருமகள் டிவியைப் பார்த்தாள். "ஏங்க, அங்கிட்டு மேல் வரிசைன்னு படம் போட்டுக் காட்டுறான். ரெண்டு பேரும் எதுக்குக் கீழயே அமுக்குறீங்க? அத்தை, நீங்க மேல அமுக்குங்க."

சுற்றி, மேலே அமுக்கினேன். நெருப்பு புறப்பட்டுப் போய் எதிராளியைச் சாய்த்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மகன் தலையில் அடித்துக்கொண்டான். "அந்தக் கடையில வயர மாத்தி மாட்டியிருந்திருக்காங்க! ஊரே தலகீழாப் பழகியிருக்கோம்." பிறகு என் பக்கம் திரும்பினான். "அது சரி, ஒனக்கு எப்படி ஆத்தா அந்தக் கடைப் பட்டன் தெரியும்? அங்க போனேன்னு என்னைய வெளக்குமாத்தால அடிச்சியே!"

"அதே வெளக்குமாறுதான்டா. காலையில கடைக்கு, சாயங்காலம் ஒனக்கு."

மருமகள் சிரித்த சிரிப்பில் பூண்டுத்தோல் வீடெல்லாம் பறந்தது.

அதன்பிறகு தினமும் மகனை எதிராளியாக உட்கார வைத்துச் சுற்றினேன். பத்தாம் நாள் காலை, மருமகள் சீப்பை எடுக்குமுன் நானே கொண்டையை முடிந்துவிட்டேன். நட்டநடுவில், நேராக.

பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து பார்த்தார்கள். "எந்த வைத்தியருங்க? எண்ணெயா, பத்துப் போட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

"வைத்தியரும் இல்ல, எண்ணெயும் இல்ல. பெத்த மகன தெனம் நாலு தடவ நெருப்பால அடிச்சுப் போட்டேன். கை தானா வந்துருச்சு. ஒங்க வீட்டுலயும் மகன் இருக்கான்ல?" என்றேன்.