மாப்பிள்ளைக்குச் சாவி கிடையாது

அந்தக் கண்ணாடிக் குடிலில் கூரையை, வலையை இழுக்கும் மோட்டார் சுற்ற வேண்டுமென்றால், முன்வாசல் சுவிட்ச் பலகையில் இரண்டு சாவிகளும் செருகியிருக்க வேண்டும். ஒன்று குடிலின் சொந்தக்காரருடையது; சிவப்புக் கயிறு கட்டியது அவர் மனைவியுடையது. உள்ளே போகிறவர் தன் சாவியை உருவிக்கொண்டுதான் போக வேண்டும். உருவிய மறுகணம் கூரை ஜன்னலுக்கும் நிழல்வலைக்கும் மின்சாரம் நின்றுவிடும். இதையெல்லாம் அவரே கம்பி இழுத்து அமைத்தார். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே சாவிக்காரர்தான்.

காரணமில்லாத பிடிவாதமா என்ன? பல வருஷங்களுக்கு முன் மனைவி உள்ளே நின்று வலையின் சிக்கெடுப்பது தெரியாமல் சுவிட்சைத் தட்டியவர் அவர்தான். இழுவைக் கம்பியில் அவள் இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஒருநாளும் அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டித் தொலைத்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருக்கும்.

போன வருஷம் மகள் ஓர் ஏஐ ஏஜென்ட்டைக் கொண்டுவந்து மாட்டினாள். சூடு, ஈரம், தண்ணீர் எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். வேண்டியதை ஒலிபெருக்கியில் கேட்கும். கேட்காமல் ஒரு துரும்பை நகர்த்தாது. "மக கூட்டிட்டு வந்திருக்கா. கேக்காம எதுலயும் கை வைக்கல. அப்போ மாப்பிள்ளைதானே?" என்று மனைவி சிரித்தாள். அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர்.

"சாவியெல்லாம் எதுக்குப்பா? கேமரா இருக்கே" என்றாள் மகள்.

"உங்கம்மா முக்காலி போட்டுக் கொடிக்கு நடுவுல உக்காந்தா எனக்கே தலை தெரியாது. கேமராவுக்குத் தெரியுமா? மாப்பிள்ளைக்கு எல்லா மரியாதையும் உண்டு. சாவி மட்டும் கிடையாது."

பேச்சு அதோடு முடிந்தது.

அன்று காலை ஒரே மூட்டம். குளிருக்காகக் கூரையை மூடியே வைத்திருந்தார்கள். நண்பகலில் மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. சாவிக்காரர் பக்கத்துக் கொட்டகையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கைபேசியில் மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"அப்பா, உள்ள ரொம்பச் சூடாகுது. தண்ணி தூவிட்டிருக்கேன், போதல. கூரையைத் திறக்கணும். அம்மா சாவி பலகையில இல்ல."

மனைவியின் கைபேசியை அழைத்தார். அது கொட்டகையில், அவள் பையிலேயே கிடந்து சிணுங்கியது. மகளை அழைத்தார்.

"அம்மா சாவியோட வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பாங்கப்பா. எத்தனை தடவை அப்படிப் போயிருக்காங்க! பலகைக்குப் பின்னால அந்த ரெண்டு கம்பியையும் சேர்த்துடுங்க, சாவி இல்லாமலே கூரை திறக்கும். நட்டு ஒரு வாரம் ஆகாத வெள்ளரி நாத்துப்பா, வெந்துடும்."

"மாப்பிள்ளை, அவ வெளிய போனாளா?"

"முன்வாசல் வழியா போகல. பின்வாசல்ல எனக்குக் கேமரா இல்ல. உள்ள இல்லைன்னு எனக்குத் தெரியாதுப்பா. தெரியாம நான் எதையும் இழுக்க மாட்டேன்."

இந்தப் புழுக்கத்தில் அவள் மயங்கி விழுந்திருந்தால்? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

முகத்தில் அனல் அறைந்தது. பெரிய கொடிகளுக்கு நடுவே வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தார். "ஏ, எங்க இருக்க?" என்று கத்தினார். கடைசி வரிசையில் முக்காலி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்திலேயே அவள் கத்தரிக்கோல். அவ்வளவுதான், மனுஷனுக்கு உயிரே போய்விட்டது. நாற்று தலை தொங்குவதெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை. பார்த்த வரிசைகளையே மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்.

அவள் வீட்டில்தான் இருந்தாள். பசி தாங்காமல் பின்வாசல் வழியே போனவளுக்கு, சாப்பிட்டு எழுந்தபோதுதான் இடுப்பில் சாவி உறுத்தியது. தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். முன்வாசல் பலகையில் சாவியைச் செருகினாள். "மன்னிச்சுக்கங்க மாப்பிள்ளை. ரெண்டு சாவியும் வந்தாச்சு, சட்டுனு திறங்க!"

"இல்லம்மா. அப்பா உள்ள போனதைப் பார்த்தேன். உங்களைத் தேடிட்டுப் போனார். அவர் சாவியை எடுக்கல."

அவள் பலகையைப் பார்த்தாள். அவர் சாவி செருகியபடியே இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த மனுஷன் சாவி எடுக்காமல் உள்ளே போயிருந்தார். அவளுக்குக் கண் கலங்கியது. தன் சாவியைத் தொடவில்லை. அவர் சாவியை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

நடு வரிசையில் வியர்வை சொட்டச் சொட்ட மண்டியிட்டுச் செடிகளை விலக்கிக்கொண்டிருந்தார் அவர். அவளைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"ஏங்க, எனக்கு மட்டும்தான் சட்டமா? சாவி எடுக்காம வந்தா உங்களை யாருங்க தேடறது?" என்று அதட்டினாள். அதட்டும்போதே குரல் உடைந்தது. மூன்று விரல் கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். சாவியைச் செருகிய பிறகும் பிடியை விடவில்லை.

"நாத்து போச்சே" என்றார் அவர்.

"போனா போகுது. விதை இருக்கு."

ஒலிபெருக்கி கேட்டது. "ரெண்டு சாவியும் இருக்கு. உள்ள யாராவது இருக்கீங்களா? திறக்கட்டுமா?"

சாவிக்காரர் பலகையில் இரண்டு சாவிகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"திறங்க மாப்பிள்ளை" என்றாள் அவள். "ரெண்டு பேரும் வெளியதான் இருக்கோம்."