உனைசியின் சரிவில் நானாய்

உனைசியிடம் வயதைக் கேட்டால், "ஆறு நானாய் பாத்தவ நான்" என்பாள். எட்டு வருஷம் மண்ணுக்கடியில் வேர்ச்சாறு குடித்துக் கிடந்து, ஒருமுறை எழுந்து வரும் சில்வண்டுதான் நானாய். நாட்டின் நூறு டாலர் நோட்டில்கூடப் படமாய் ஏறி உட்கார்ந்துவிட்டது. தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டுத் தின்றால் அதற்கு ஈடு கிடையாது என்பது நவோசா மலைக்காரர்களின் தீர்ப்பு.

அவள் வீட்டுச் சரிவில்தான் ஊரிலேயே முதலில் எழும். முதல் கூடை ஊர்த் தலைவர் வீட்டுக்கு அவள் கையால் போகவேண்டும். மாமியாருக்குப் பின் அவளுக்கு வந்த பெருமை அது. அந்தச் சரிவில் நின்று நானாய்க்கு வேர்ச்சாறு கொடுத்த தூங்குமூஞ்சி மரங்களைத்தான் புருஷன் அபெனிசா, பின்விளைவு யோசிக்காத மகராசன், மூன்று வருஷத்துக்கு முன் வெட்டி, வேரை இடித்துக் கரைத்துப் போதைக்குக் குடிக்கிற யங்கோனாச் செடி நட்டான். கோடாலிக் காம்பு முறிந்ததால் ஒரு மரம் மட்டும் தப்பியது.

எட்டாம் வருஷம் பிறந்தது. யங்கோனா குடிக்கிற இடத்தில் உனைசியின் அண்ணன் வத்திலியாய் அபெனிசாவைக் கேலி பண்ண ஆரம்பித்தான்.

"மச்சான், இனிமே உனக்கு நானாய் வேணும்னா பேங்குக்குத்தான் போகணும்!"

"நூறு டாலர் நோட்ட நீ கண்ணால பாத்திருக்கியாடா?"

எல்லாரும் சிரித்தார்கள். உனைசி மட்டும் எழுந்து சரிவுப் பக்கம் நடந்தாள்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், தப்பிய மரத்தடியில் மண் பொத்துக்கொண்டது. நானாய்! ஆனால் எண்ணி முப்பதுதான் இருக்கும். அபெனிசா சட்டியோடு ஓடிவந்தான். உனைசி மறித்தாள்.

"சட்டிய உள்ள கொண்டுபோய் வை. ஒண்ணக்கூடத் தொடக்கூடாது."

"பைத்தியமா உனக்கு? எட்டு வருஷமாக் காத்திருக்கேன்டி!"

"இதையும் தின்னுட்டா அடுத்த தடவ மண்ணுக்குள்ளேருந்து என்ன வரும்? உன் யங்கோனாவா?"

அவன் சட்டியோடு திரும்பி நடந்தான்.

மறுநாள் காலை வத்திலியாய் வீட்டுக்கு நடந்தாள். அவர்கள் மரத்தடியெல்லாம் நானாய் மொய்த்துக் கிடந்தது.

"மதினி, இந்தத் தடவ மொதக் கூடைய நீங்க கொண்டுபோங்க."

மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வத்திலியாய் உள்ளே போய்க் கூடையை எடுத்துவந்தான்.

திரும்பி வந்தபோது தப்பிய மரம் முழுக்க நானாயின் இரைச்சல். கீழே அபெனிசா குச்சியும் கையுமாக நின்று நானாயைக் கொத்த வந்த கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தான்.

"போ, போ! எட்டு வருஷம் கழிச்சு வா!"

உனைசி சிரித்துவிட்டாள். உள்ளே போய் இன்னொரு குச்சி எடுத்துவந்து அவன் பக்கத்தில் நின்றாள்.