குளவிக் கூட்டுக்குக் கீழே ஒழுக்கமான பிள்ளைகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம். தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் தோட்டத்தில் பனி விழுந்து தேயிலை கருகிக் கிடந்த நேரம். விடியும்போது கை விறைக்கும் குளிர், பத்து மணிக்கெல்லாம் மண்டையைப் பிளக்கும் வெயில். மழை இல்லாத இந்த மாதங்களில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற எங்களுக்குச் சிறுத்தையைவிடக் குளவிக்குத்தான் பயம் அதிகம். என் நாத்தனாரை மலையில் குளவி கொட்டி, டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தபோது நான்தான் கூட இருந்தேன். முகம் வீங்கி, கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவளை அடையாளம் காட்டியது கையில் குத்தியிருந்த பச்சைதான். அதனால் குளவியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே முன்பள்ளி இருக்கிறது. ஒரே ஒரு அறை, தகரக் கூரை, முன்னால் ஒரு முற்றம். முற்றத்தின் ஓரத்தில் ஒரு பெரிய வாகை மரம். அதன் கிளை ஒன்று கூரைக்கு மேலாக நீண்டிருக்கும். அந்த வருடம் அந்தக் கிளையில் ஒரு குளவிக் கூடு வந்தது. முதலில் தேங்காய் அளவு இருந்தது. பிறகு, கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து ஒட்டி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள். பெற்றோர் சார்பில் பேசுவதற்கு யாரும் முன்வராததால் என் பெயரைப் போட்டிருந்தார்கள். அந்த உரிமையில் தோட்டத்து ஆபிசுக்குப் போய்ப் பெரிய கிளாக்கரிடம் சொன்னேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“மலைக்கு மலை கூடு இருக்கு. எத்தனைய கொளுத்துறது? பேசாம போம்மா.”

“மலையில இருக்கிறது பெரிய ஆளுங்க, ஓடுவோம். இதுங்க எங்க ஐயா ஓடும்?”

“மரம் தோட்டத்தோடது. பள்ளிக்கூடம் எங்களோடது இல்ல. வேணும்னா பள்ளிக்கூடத்துக்குப் பதிவு குடுக்கிறவங்ககிட்ட சொல்லு.”

மரம் ஒருவருடையது, பள்ளிக்கூடம் இன்னொருவருடையது. கொட்டு வாங்கப்போகிற பிள்ளை மட்டும் எங்களுடையது. இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் இதே பதில்.

டீச்சர் பாவம், எங்கள் தோட்டத்துப் பெண்தான். வயதும் அதிகமில்லை. அவளுக்குத் தெரிந்த வழியில் பிள்ளைகளைக் காப்பாற்றப் பார்த்தாள். சத்தம் போட்டால் குளவி கலையும் என்று, பிள்ளைகளைச் சத்தமே போடாமல் பழக்கினாள். மணியின் நாக்கில் பழைய துணியைச் சுற்றிக் கட்டினாள். பந்து விளையாட்டை நிறுத்தினாள். பாட்டுகளை உதட்டை மட்டும் அசைத்து, கையைக் காட்டிப் பாடச் சொன்னாள். சாமி படத்துக்கு ஊதுபத்திகூடக் கொளுத்துவதில்லை. வாரக்கணக்கில் இப்படியே ஓடியது. பிள்ளைகளும் பள்ளிக்கூடம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டன. என் மகள் வீட்டிலும் கிசுகிசுவென்றுதான் தேத்தண்ணி கேட்டாள். ஒருநாள் அவள் அப்பா கையிலிருந்து குண்டான் நழுவி விழுந்தபோது, இவள் குண்டானைப் பார்க்கவில்லை. கழுத்தைத் தூக்கி, கூரையைத்தான் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் முன்பள்ளியின் பதிவைப் புதுப்பிக்க அதிகாரி பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. பதிவு இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். மூடினால் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவது? அதனால் லயமே பயந்துபோயிருந்தது. தோட்டத்தில் திடீரென்று அக்கறை பொங்கியது. சுவருக்குச் சுண்ணாம்பு வந்தது. கேட்டுக்குப் புதிய கொண்டி வந்தது. சுவரில் ஒரு மருந்துப் பெட்டி தொங்கியது. அதன் சாவி மட்டும் கிளாக்கரின் சட்டைப் பையில் இருந்தது. “யாரும் வாயத் திறக்கக் கூடாது” என்று டீச்சரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, ஒங்களத்தான் சொல்லுறேன், தயவு செஞ்சு…” என்றாள். நானும் சரி என்றுதான் சொன்னேன். வருகிறவருக்குக் கண் இருக்கும், மேலே பார்ப்பார், அவரே கேட்பார் என்று நினைத்தேன்.

அதிகாரி வந்தார். கூடவே கிளாக்கரும் வந்தார், பெற்றோர் சார்பில் நானும் நின்றேன். அதிகாரி நல்ல மனிதர்தான், பிள்ளைகளுக்கு டொபி எல்லாம் கொண்டுவந்தார். ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நாடா வைத்து அளந்தார். கக்கூஸ் வாளியைத் தூக்கிப் பார்த்தார். கொண்டியைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார். குடிதண்ணீரை மோந்து பார்த்தார். கழுத்தை மட்டும் ஒரு தடவைகூட மேலே தூக்கவில்லை. அவர் கையில் இருந்த தாளில் மரத்துக்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது.

கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, “எங்க, ஒரு பாட்டுப் பாடுங்க பாப்போம்” என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள். இருபது பிள்ளைகளுக்கு மேல் இருக்கும், எல்லாம் எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டி, உதட்டை அசைத்துப் பாடின. காற்று வீசுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். என் மகள் முன்வரிசையில் நின்று, சத்தமே வராமல் வாயை அகலத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி கை தட்டப் போனார். டீச்சர் பதறிப்போய்த் தடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே கிளாக்கரிடம் சொன்னார்: “டவுன் பள்ளிக்கூடத்துல எல்லாம் காது கிழியும். என்னா ஒழுக்கம் பாருங்க! ஒழுக்கத்துக்கு மிக நன்று போடுறேன்.”

கிளாக்கர் பெருமையாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அது ஒழுக்கம் இல்ல சார். பயம்” என்றேன். “எந்திரிச்சு வெளிய வாங்க.”

“ஏய், நீ சும்மா இரு” என்றார் கிளாக்கர்.

“நீங்க சும்மா இருங்க ஐயா. ரெண்டு தடவ ஒங்ககிட்ட வந்து நின்னாச்சு.”

அதிகாரி வெளியே வந்தார். நான் விரலைக் காட்டினேன். அவர் பார்ப்பதற்கு முன்பே அவருடைய டிரைவர் பார்த்துவிட்டார். அதே மரத்தடியில் வாகனத்தை நிறுத்தி, சாய்ந்துகொண்டு சிகரெட் பற்றவைக்கப் போன சிங்கள டிரைவர் அவர். “தெபரு! தெபரு!” என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டு உள்ளே பாய்ந்து கண்ணாடியை ஏற்றினார். குளவிக்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். பின்னாலேயே அதிகாரியும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வாகனம் முற்றத்துக்கு வெளியே போய் நின்றதும், அதிகாரி கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கி, தாளை நீட்டினார்.

“கட்டடம் எல்லாம் சரியா இருக்கு. பெத்தவங்க சார்புல நீங்கதானே? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“குளவிக் கூட்ட எங்க எழுதியிருக்கீங்க?”

“மரம் என் வேலையில வராதும்மா. அத தோட்டத்துக்குச் சொல்லணும்.”

“தோட்டம் ஒங்களுக்குச் சொல்லச் சொல்லுது. ஒங்களுக்குக் கண்ணாடி இருக்கு, ஏத்திக்கிட்டீங்க. எங்க புள்ளைங்களுக்கு என்னா சார் இருக்கு? நான் போட மாட்டேன்.”

“கையெழுத்து இல்லாம பதிவு புதுப்பிக்க ஏலாது. மூட வேண்டி வரும். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.”

“சொல்லுவேன். சத்தமாவே சொல்லுவேன். இங்க இல்ல, வேற எடத்துல.”

வாகனம் போய்விட்டது. மருந்துப் பெட்டியும் அன்று மாலையே ஆபிசுக்குத் திரும்பிப் போய்விட்டது. டீச்சர் சுவரோரமாக உட்கார்ந்து, அழுகையைக்கூடச் சத்தம் வராமல் அழுதாள்.

சாயந்திரம் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனேன். அங்கே எனக்கு நல்ல பூசை கிடைத்தது. லயத்தில் எங்களுக்குச் சுவரொட்டிய பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அக்காதான் ஆரம்பித்தாள்.

“ஒரு கையெழுத்து போட்டா ஒன் கை கழண்டு விழுந்திருமா? பள்ளிக்கூடத்த மூடினா என் பயல எவ பாப்பா, நீ பாப்பியா?”

“கூடு கலைஞ்சா எவ பாப்பா?”

“இவ்வளவு நாளு கலையலையே!”

“கலையாததுக்கு நம்ம புள்ளைங்க ஊமையா இருக்குதுங்க. ஒன் பயல் கடைசியா எப்ப கத்துனான்னு சொல்லு பாப்போம்.”

அவள் பையன், கூடு வருவதற்கு முன்பு லயமே நடுங்கக் கத்தியவன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “என்னதான் செய்யச் சொல்லுற?” என்றாள்.

“நாளைக்குக் காலையில யாரும் புள்ளைய பள்ளிக்கூடத்துல விடாதீங்க. பெரட்டுக்கு வரும்போது கையோட கூட்டிட்டு வாங்க. ஆபிஸ் வெராந்தாவுல விடுவோம்.”

“தொரை வையுவாரே?”

“வையட்டும். தொரை கொட்டினா வீங்காது.”

அவள்தான் முதலில் சிரித்தாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்கு எல்லோரும் பிள்ளைகளோடு வந்தோம். வராமல் போனவர்களும் உண்டு, அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆபிஸ் வெராந்தா நல்ல அகலம். சிமெந்துத் தரை, தண்ணீர்க் குழாய், பக்கத்திலேயே கக்கூஸ். மருந்துப் பெட்டியும் அங்கேதான் தொங்கியது. அதிகாரி அளந்ததெல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்தைவிட இங்கே நன்றாகவே இருந்தது. டீச்சர் வருவாளோ மாட்டாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். கையில் மணி. எங்கள் முன்னால் நின்று, மணியின் நாக்கில் கட்டியிருந்த துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அடித்தாள்.

அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கழுத்தைத் தூக்கி மேலே பார்த்தன.

அதைப் பார்த்த பிறகு பீலியில் என்னைத் திட்டியவர்களும் பிள்ளைகளின் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

“ஒன்னும் இல்லடி, இங்க குளவி இல்ல. பாடுங்க. கத்திப் பாடுங்க” என்றேன். முதலில் கிசுகிசுவென்றுதான் வந்தது. பக்கத்துக் காம்பரா அக்காவின் பையன்தான் முதலில் சோதித்துப் பார்க்கிற மாதிரி ஒரு கத்து கத்தினான். ஒன்றும் பறந்து வரவில்லை. இன்னொரு கத்து. பிறகு என் மகள். பிறகு வெராந்தாவே அதிர்ந்தது. வாரக்கணக்கில் அடக்கி வைத்த சத்தம் எல்லாம் ஒரே காலையில் வெளியே வந்தது. பாட்டாவது, கீட்டாவது! வெறும் கத்தல்தான். எங்களில் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

கிளாக்கர் ஓடி வந்தார். “இது ஆபிசா, சந்தையா? போன்ல ஒரு வார்த்த பேச முடியல!”

“பேசாம போங்க ஐயா” என்றேன். அவர் எனக்குச் சொன்னதுதான்.

தோட்டத்தை நடத்துகிற துரை வந்தார். வாகனத்திலிருந்து இறங்கி, காதைப் பொத்திக்கொண்டு, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். வெயில் காலம் முடியட்டும், பார்க்கலாம் என்றார். “சரிங்க. அது வரைக்கும் புள்ளைங்க இங்கயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனோம். எனக்கு அன்று தண்டனையாகப் பறிக்கக் கொடுத்தது அடிமுனையில் இருக்கிற, கால் வைக்க இடமில்லாத மலை. பிறகும் ரொம்ப நாள் அதே மலையைத்தான் கொடுத்தார்கள். ஆனால் அந்த மலையிலிருந்து கேட்டாலும் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. எனக்கு அது போதும்.

அடுத்த நாளும் வெராந்தாவில்தான் பள்ளிக்கூடம். அதற்கு அடுத்த நாள் காலையில் முன்பள்ளிப் பக்கம் போனபோது வாகை மரத்தின் கிளை கரிந்து தொங்கியது. ராத்திரியே துரை ஆளனுப்பிக் கொளுத்தியிருக்கிறார், கூடு இல்லை. முற்றத்தில் சாம்பல். இதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை, ‘என் வேலையில் வராது’ என்று யாரும் சொல்லவும் இல்லை. முடியாது என்றதெல்லாம் இரண்டு நாள் சத்தத்தில் முடிந்துவிட்டது.

அதிகாரி மறுபடியும் வந்தார். இந்த முறை இறங்கியதும் மேலேதான் முதலில் பார்த்தார். உள்ளே ஒரு பையன் அவர் நாற்காலியைச் சுற்றி ஓடினான், இரண்டு பேர் டொபிக்குச் சண்டை பிடித்தார்கள், என் மகள் அவர் முகத்துக்கு நேரே நின்று பாட்டைக் கத்தினாள். தாளை நீட்டியபோது, என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துப் பார்த்தேன். “ஒழுக்கம்: முன்னேற்றம் தேவை.” வாழ்க்கையில் நான் சந்தோஷமாகப் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

கிளாக்கர் முதுகுக்குப் பின்னால் என்னைக் ‘குளவி’ என்று சொல்கிறாராம். சொல்லட்டும். எங்கள் பிள்ளைகளை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: இன்றைக்கும் பிள்ளைகள் சத்தமே இல்லாமல் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தைக் கடந்து போனால், எனக்குப் பாராட்டத் தோன்றுவதில்லை, நின்று கழுத்தைத் தூக்கி மேலேதான் பார்க்கிறேன்.