அறிவுகெட்ட மிஷினுக்கு மாதச் சந்தா

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குப்பைப் பையோடு கீழே இறங்கினால் எங்கள் அடுக்ககத்தின் வாட்ச்மேன் யாதய்யா நாற்காலியை விட்டு எழாமலேயே கேட்பார்: "எவரு கெலிச்சாரு சார்?" யார் ஜெயித்தது என்று அர்த்தம். "எவரூ கெலவலேது" என்பேன். யாரும் ஜெயிக்கவில்லை. அவர் கண்ணடிப்பார். மதியம் முழுக்க நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கூச்சல் போட்டுவிட்டு, கடைசியில் யாரும் ஜெயிக்கவில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? நாங்கள் பேக்காட்ட, அதாவது பணம் வைத்துச் சீட்டு ஆடுகிறோம் என்பது அவருடைய முடிவு. இது வேறு விளையாட்டு, ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பேசுவார்கள், நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும் என்று என்னுடைய தெலுங்கில் ஒருநாள் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதி சரே, டப்பு எவருக்கி?" என்றார். அது சரி, பணம் யாருக்கு? ஒரு மதியம் பூராவும் பணமே இல்லாமல் மனிதர்கள் பேசிக்கொண்டிருக்க முடியும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் சிரிக்கக்கூடும். கனடாவில் இருக்கும் நண்பன் ஏற்கெனவே சிரித்துவிட்டான். ரயிலேறிப் படுத்து எழுந்தால் வந்துவிடுகிற ஹைதராபாத்துக்கெல்லாம் புலம்பெயர்வு என்று பெயரா என்கிறான். அவனுக்குப் பனி இருக்கிறது, படம் எடுத்து அனுப்பலாம். எனக்கு ஏ.எஸ்.ராவ் நகர்தான் இருக்கிறது. ஆனால் அவன் மகளும் என் மகளும் அப்பாவுக்குப் பதில் சொல்வது ஒரே மாதிரிதான். நான் தமிழில் கேட்பேன். பத்தாம் வகுப்பு படிக்கும் மதி பள்ளிக்கூடத்து விஷயம் என்றால் ஆங்கிலத்திலும், சலிப்பு என்றால் தெலுங்கிலும், கோபம் என்றால் இந்தியிலும் பதில் சொல்வாள். சொன்னது எல்லாம் புரியும். திருப்பிச் சொல்லத்தான் வராது, அல்லது வேண்டாம்.

அதனால்தான் அந்த மேசையில் ஒரே ஒரு சட்டம் வைத்தேன். பாத்திரமாகப் பேசும்போது தமிழில்தான் பேச வேண்டும். என் கதை, பாளையங்கோட்டைப் பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு பஞ்சாலைக்குள் நடக்கிறது. அதில் மதி, வாசலில் நிற்கும் செங்கி என்ற காவல்காரி. வாய்த்துடுக்குக்காரி. "யோவ், யாருய்யா நீ, தொரையா? இறங்கி நட!" என்று அவள் அதட்டும்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். வாரத்தில் அந்த ஒரு மதியம்தான் என் மகளின் வாயிலிருந்து எனக்குத் தமிழ் கிடைக்கிறது. வசவாகக் கிடைத்தாலும் எனக்குச் சம்மதம்.

மற்ற இருவரில் ஸ்டான்லி செகந்திராபாத்துக்காரர். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. தாத்தா காலத்திலேயே இங்கே வந்து ஊன்றிய கிறித்தவக் குடும்பம். அவர் தமிழில் ஆமாம் என்பது ஹவ், வேண்டாம் என்பது நக்கோ, ஏன் என்பது கைக்கு. பிரபு கோயம்புத்தூர்க்காரர், போன வருடம்தான் வந்தார். அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் மென்பொருள் சொல்லித்தருகிறார். மென்பொருள் சொல்லித்தருகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த மேசையைப் பார்த்தாலும் அதன்மேல் ஒரு திரையை வைக்காமல் அவர்களால் உட்கார முடியாது.

"எல்லாமே ஆட்டோமேட்டிக்குங்க சார். மேப் வரும், டைஸ் அதுவே போட்டுக்கும், யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம்னு அதுவே கழிச்சுக்கும். நாம பேசறதைக் கேட்டுக் கதைச்சுருக்கம்கூடக் குடுத்துரும். மாசச் சந்தாதாங்க. ஆளுக்குக் கொஞ்சம் போட்டா முடிஞ்சுது" என்றார் பிரபு. இல்லாவிட்டால் தனக்கு இது சரிப்படாது என்பதையும் மரியாதையாகவே சொன்னார். நாலு பேரில் ஒருவர் போனால் ஆட்டம் படுத்துவிடும். மதிக்கும் அது வேண்டுமாம். இலவசமாக ஒரு ஞாயிறு ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் அன்று சாயங்காலமே வாங்கிவிடலாம் என்று முடிவானது. வாங்கினால் என்ன ஆகும் என்று தெரியாது. வாங்காவிட்டால் செங்கி செத்துவிடுவாள் என்று தெரியும்.

கல்லூரி விடுதியில் எங்களுக்கு இந்த விளையாட்டு வந்து சேர்ந்தபோது இருபது முகப் பகடை என்ற ஒன்றை நாங்கள் யாரும் கண்ணால் கண்டதில்லை. யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்த விதிப்புத்தகத்தின் மங்கலான ஜெராக்ஸ் மட்டும் இருந்தது. காகிதத்தைக் கிழித்து எண் எழுதிச் சுருட்டி டம்ளரில் போட்டுக் குலுக்குவோம். பேசுவதற்கு அவ்வளவு பேர் இருந்தோம். முறை வருவதற்குள் பாதிப் பேர் பொறுமை இழந்து அடுத்தவன் பாத்திரத்துக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்கள். பகடை இல்லை, பேச ஆள் இருந்தது. இங்கே கண்ணாடி மாதிரிப் பகடைகள் விதவிதமாக வீட்டு வாசலுக்கே வந்து இறங்குகின்றன. ஆளுக்குத்தான் பஞ்சம்.

அந்த ஞாயிறு வந்தது. டிவியில் மென்பொருள் விரிந்தது. நூற்றுக்கணக்கான இடங்கள் வைத்திருந்தார்கள். பனி மூடிய கோட்டை, மதுக்கடை, மந்திரவாதியின் கோபுரம். பஞ்சாலை இல்லை. "கோட்டையையே வச்சுக்கலாமுங்க, செவுருதானே" என்றார் பிரபு. ஆக, பாளையங்கோட்டையில் பனி பெய்ய ஆரம்பித்தது. பூதங்களும் ஏராளம். ஒன்றுக்குக்கூட வேட்டி இல்லை. கற்பனையே தேவையில்லாத அளவுக்குக் கற்பனை செய்து முடித்துவிட்ட இந்த மகானுபாவர்கள், என்னிடம் என்னத்துக்காகச் சந்தா கேட்கிறார்கள் என்றுதான் புரியவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மதி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவள் போனில் ஒரு பெட்டி திறந்தது. செங்கி பேச வேண்டியதையெல்லாம் ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினாள். திரையின் மூலையில் செங்கியின் வசனங்கள் பொடி எழுத்தில் ஊர்ந்தன. மேசையில் சத்தமே இல்லை. என் வீட்டில் இவ்வளவு மரியாதையான காவல்காரியை நான் பார்த்ததே கிடையாது. 

ஆலையின் உள்கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். உள்ளே பூதம் காத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். "தட்டுறீங்களா?" என்று ஸ்டான்லியைக் கேட்டேன். தன் பாத்திரமான பழைய ஃபிட்டரை அவர் ஒரு வருடமாகச் சாகாமல் காப்பாற்றி வைத்திருந்தார்.

"நக்கோ பிரதர், நக்கோ!" என்றார்.

மிஷின் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அர்த்தம் தெரிந்த ஒரே பாஷையான ஆங்கிலத்தில் அது 'நாக்' என்று ஆனது. தட்டு. அதுவும் ரெண்டு தரம். திரையில் பகடை தானாக உருண்டது, கதவு திறந்தது, நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஃபிட்டரின் பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது.

"அரே, கைக்கு? நான் எப்பப்பா தட்டினேன்?" ஸ்டான்லிக்கு முகமே மாறிவிட்டது.

"கொஞ்சம் ப்ராப்பரா பேசுனீங்கன்னா அது கரெக்டா எடுத்துக்குமுங்க சார்" என்றார் பிரபு. சொல்லிவிட்டு, "அன்டூ பண்ணிக்கலாமுங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று ஆறுதலும் சொன்னார். சாவைத் திருப்பிக்கொள்ள ஒரு பொத்தான்.

"எங்க தாத்தா பேசின மாதிரிதான் பேசறேன். இதுக்கு மேல ப்ராப்பர் எனக்குத் தெரியாது பிரதர்" என்று ஸ்டான்லி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

அப்போதுதான் மதி ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தாள். டிவியைப் பார்த்துக் கத்தினாள்: "ஏ அறிவுகெட்ட மிஷினே! அவரு எங்கடா தட்டினாரு? வேணாம்னுதானடா சொன்னாரு! காது என்ன செவிடா உனக்கு?"

அது செங்கியா மதியா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் சிரித்துவிட்டோம். ஸ்டான்லி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அதன்பிறகு திரையை யாரும் பார்க்கவில்லை. சொந்தப் பகடையை எடுத்து உருட்டி, ஃபிட்டரை நாங்களாகவே உயிரோடு மீட்டு ஆட்டத்தை முடித்தோம்.

முடிந்ததும் பிரபு போனை எடுத்தார். கதைச்சுருக்கம் வந்திருந்தது. கதை ஒன்றும் அதற்குப் புரியவில்லை, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் யார் யார் எந்த மொழியில் பேசினார்கள் என்று கீழே போட்டிருந்தது. "ஸ்டான்லி சார், இந்தி. நானு, இங்கிலீஷ்" என்று வாசித்தார் பிரபு. கோயம்புத்தூர்க்காரருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "சார், நீங்க... தெலுங்குன்னு போட்டிருக்குதுங்க. மதி, தமிழ்."

மதியம் முழுக்க வாய் வலிக்கத் தமிழில் கதை சொன்னவன் நான். "இதைப்போய்க் காசு கொடுத்து வாங்கணுமா? தமிழுக்கும் தெலுங்குக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாள் மிஷின். வேண்டாம் பிரபு" என்றேன். இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைத்திருக்காது. அந்தத் திருப்தி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"அப்போ நான் பேசினது தமிழ் இல்லையாப்பா?" என்றாள் மதி.

 மிஷின் முட்டாள் என்றால் என் மகளுக்கு அது கொடுத்த பட்டமும் முட்டாள்தனம். அவளுக்குக் கொடுத்தது சரி என்றால் எனக்குக் கொடுத்ததும் சரி. போன முறை ஊருக்குப் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர், "சார்வாளுக்கு ஆந்திராவா?" என்று கேட்டார். இப்படி இழுத்து இழுத்துப் பேச எங்கே படித்தாய் என்று வீட்டில் அக்கா கேட்டாள். "என்னலே ராகம் போட்டுப் பேசுத?" அவர்களுக்குக் காது கெட்டுவிட்டது என்று அப்போது முடிவு செய்திருந்தேன். எத்தனை பேர் காதுதான் கெட்டுப்போகும்?

"தமிழ்தான்" என்றேன் கடைசியில். "அதுல அது சரியாத்தான் சொல்லியிருக்கு."  எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. மென்பொருளை வாங்கவில்லை. பிரபு பஸ் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினார். இனி வரமாட்டார் என்பது செருப்பு போட்டுக்கொண்ட வேகத்திலேயே தெரிந்தது. ஸ்டான்லி அடுத்த வாரம் தன் மனைவியைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து மதி கூப்பிட்டாள். என்னைச் சீண்டுவதற்காக, இங்குள்ள பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி, "நான்னா!" என்றாள்.

"ஏம்மா?" என்றேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. தமிழ் அப்பாவும் அப்படித்தான் கேட்பான், தெலுங்கு அப்பாவும் அப்படித்தான் கேட்பான். நான் எந்தப் பாஷையில் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.