தாண்டிப் படித்த பக்கம்

கொச்சி மட்டாஞ்சேரியில் பெயரை மட்டும் சொன்னால் யாருக்கும் போதாது. அடுத்து வீட்டுப்பேர் கேட்பார்கள். இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டுப்பேர் உண்டு. ஆள் எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும். நமக்கோ அப்பா பெயரின் முதலெழுத்தோடு வேலை முடிந்தது. மகள் நித்யாவைப் பள்ளியில் சேர்த்தபோது அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றார்கள். அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரின் வீட்டுப்பேரை எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் மூன்று வீடு மாறிவிட்டோம். அந்தப் பேர் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டது.

இந்த வருடம் பத்தாவது முடித்தாள். திருச்சூர்ப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில், நன்றாகப் படிக்கிற ஏழைப் பிள்ளைகளைச் செலவில்லாமல் சேர்த்துக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றிக் கைப்பட இரண்டு பக்கம் எழுத வேண்டும். பெற்றவர் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவள் அப்பா லாரியோடு வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே நான்தான். நித்யாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அவள் எழுதியிருந்தது மலையாளத்தில். மசாலாக் கடையில் பொட்டலம் போடுகிற எனக்கு மலையாளம் காதோடு சரி. பஸ் பலகையைக்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்பேன்.

"இங்க ஒப்பு வெச்சா மதிம்மா," என்று விரல் வைத்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

"வாசிச்சுக் காட்டுடி. அப்புறம் போடுறேன்."

மலையாளத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் பக்கம் நிதானமாகப் போனது. இரண்டாம் பக்கத்தில் அடிவரை எழுத்து இருந்தது. அதை நான்கே வரியில் முடித்துவிட்டாள்.

சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் ஊரில், தெருவுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்கிற வேலை எனக்குத்தான். பன்னிரண்டாவது வரை படித்தவள் என்ற மிதப்பு வேறு. ‘இந்த வருடமும் வர முடியாது’ என்று யாருடைய மகனாவது எழுதியிருந்தால் அந்த வரியைத் தாண்டிவிட்டு, ‘எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்’ என்பதைச் சத்தமாகப் படிப்பேன். பெற்றவள் நம்பிக்கொண்டு போவாள். தாண்டுகிற இடத்தில் குரல் எப்படி வேகமெடுக்கும் என்று எனக்கா தெரியாது? பெற்ற தாய் எழுத்தறியாதவள் என்று எழுதிவிட்டாளோ என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலையில் அவள் குளிக்கப் போன நேரம் தாள்களை எடுத்துக்கொண்டு கொச்சங்காடியில் லிஸியின் போட்டோஸ்டாட் கடைக்கு நடந்தேன்.

லிஸிக்கும் எனக்கும் மூன்று வருடப் பழக்கம். "எத்ர காப்பி?" என்பாள், "ரெண்டு," என்பேன். மூன்று வருடமும் பேசியது அவ்வளவுதான். அன்று அவள் இரண்டாம் பக்கத்தை மனதுக்குள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"சேச்சீ, இது நிங்களெப் பற்றியாணு," என்றாள். என்னைப் பற்றியதாம்.

பிறகு நித்யா எழுதியிருந்ததைத் தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னாள். ‘என் பேரோடு இருக்கும் வீட்டுப்பேர் எங்களுடையது இல்லை. அந்த வீடு எனக்கு ஞாபகம்கூட இல்லை. என் அம்மாவுக்குப் பேச இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன். நான் போய்விட்டால் அம்மா வாய் திறந்து பேச ஆளில்லை. அதனால் எனக்கு இடம் கிடைக்காவிட்டாலும் வருத்தமில்லை.’

கடை வாசலிலேயே அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அவள் எழுதியதில் ஒரு சொல் பொய் என்றால்கூட அழுதிருக்க மாட்டேன்.

"இது கொடுத்தா சீட்டு கிட்டில்ல," என்றாள் லிஸி. பள்ளியில் இடம் கிடைக்காதாம்.

வீட்டுக்கு வந்ததும் தாளை நித்யா முன்னால் வைத்தேன். "கடைசியில என்னப் பத்தி இருக்கத எடுத்துட்டுத் திருப்பி எழுது. அது பொய்யி."

அவள் முகம் வெளிறிவிட்டது. "எது பொய்யி?"

"எனக்குப் பேச ஆளிருக்கு."

"யாரு?"

"போட்டோஸ்டாட் கடை லிஸி. நெதமும் பேசுறோம்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் குரலும் வேகமெடுத்திருக்க வேண்டும். ஆனாலும் புதுத் தாளை எடுத்து எழுதினாள். இந்த முறை இரண்டு பக்கத்தையும் நிறுத்தி நிறுத்தி முழுவதும் வாசித்தாள். அந்த மலையாளத்துக்குக் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

இடம் கிடைத்துப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுதியிலிருந்து பேசலாம். எடுத்ததும், "லிஸி சேச்சிகிட்ட சம்சாரிச்சியா?" என்பாள். "பேசாம இருப்பேனா?" என்பேன். பிள்ளையிடம் வாரா வாரம் பொய் சொல்ல மனம் வரவில்லை. அதனால் வேலை விட்டதும் அந்தக் கடைக்குப் போகிறேன். போனால் கையில் ஒரு தாள் வேண்டுமே. என்னிடம் இருப்பது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதில் என் பெயர், முன்னால் அப்பாவின் ஓரெழுத்து, வீட்டுப்பேர் கிடையாது. இத்தனை நகல் எதற்கு என்று லிஸி கேட்பதில்லை.

"எத்ர காப்பி, சேச்சீ?"

"ஒண்ணு போதும்," என்கிறேன். நாளைக்கும் வர வேண்டும்.