விருந்துச் சோறு விழுந்த குட்டை

மீனைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். பேசக் கற்றது முழுக்கத் திண்டிவனம் – விழுப்புரம் பஸ்ஸில்தான். பக்கத்து சீட்டில் யாராவது ஒரு விஷயத்தை அழகாகச் சொல்லிவிட்டால் போதும், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் உட்கார்ந்திருப்பேன்.

என் ஆராய்ச்சிக்குக் கருத்தரங்குகளில் நீலப் பொருளாதாரம் என்று பெயர். நீரைக் கெடுக்காமல் நீரை வைத்தே பிழைப்பது, அவ்வளவுதான். முகையூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. என் வயதுக்காரி ஒருத்தி, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்த நிலத்தில் ஒரு மூலையை மாமியாரிடம் கெஞ்சி வாங்கிக் குட்டை வெட்டியிருந்தாள். கட்லா, ரோகு விட்டு, தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்த்தாள். தவக்காலத்தில் கறி தொடாத வீடுகளுக்கு உயிர்மீனாக விற்க வேண்டும் என்று ஆசை. "மீனு பொழைக்கலன்னா மண்ணத் தள்ளி மூடிட்டு மறுபடியும் மல்லாட்டதான்" என்று மாமியார் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அவள் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. குட்டையைப் பார்க்க அடிக்கடி போய்வந்ததில் எனக்கும் அழைப்பு. பேச்சு சுவாரசியத்தில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே உறவுக்காரப் பெண்களோடு படுத்துவிட்டேன். விடியும் நேரத்தில் அவள் என் தோளை உலுக்கினாள்.

"மேடம், எந்திரிங்க. மீனுங்கல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. மூச்சு முட்டிக்கினு நிக்குதுங்க மேடம்."

கரைந்த ஆக்சிஜன் குறைவு என்று நான் எத்தனை கட்டுரையில் எழுதியிருப்பேன்! அவள் சொன்னதுதான் காதில் நின்றது. ஓடினேன். கரையோரம் முழுக்கச் சோறு ஊறிக் கிடந்தது. அதன்மேல் பிரியாணி எண்ணெய்.

"மீந்த சோறுதான் மேடம். ஊரே சாப்டுச்சி, இதுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? மாட்டுக்குக் கொட்டினா வயிறு உப்பிக்கும்னுதான் இங்க கொட்டினேன்."

"எவ்வளவு?"

பின்னால் வந்த அவள் கொழுந்தன் முந்திக்கொண்டு சொன்னான்: "ரெண்டு அண்டா மேடம். அண்ணி எல போடாததுதான் பாக்கி."

சோறு புளிக்கப் புளிக்க, தண்ணீரில் இருக்கிற காற்றையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். விடியலில் குட்டையில் காற்றே குறைவு. இரவெல்லாம் பாசியும் சேர்ந்து அதை மூச்சாக இழுத்திருக்கும். மோட்டார் போட்டு மேலிருந்து நீரைக் கொட்டினால் பிழைக்கும். ஆனால் மோட்டாருக்கான கரண்ட் வெயில் ஏறித்தான் வரும்.

"அதுவரைக்கும் தாங்குங்களா?" என்றாள்.

"தாங்காது. சோத்த அள்ளணும். தண்ணிய மொண்டு மொண்டு உயரத்துலேருந்து ஊத்தணும். நுரைக்கணும்."

அவள் வீட்டுக்கு ஓடி, தூங்கிக்கொண்டிருந்த சொந்தபந்தம் மொத்தத்தையும் எழுப்பிவிட்டாள். குண்டான், குடம், பக்கெட் என்று கையில் கிடைத்ததோடு வந்தார்கள். சிலர் உடம்பில் நேற்றைய பட்டுச்சட்டையே இருந்தது.

"நேத்து சோத்தப் போட்டுட்டு இன்னிக்கி வேலை வாங்குறியே, நாயமா?" என்றார் அவள் தாய்மாமன்.

"தின்னது செரிக்க வேணாமா? ஊத்து மாமா, ஜல்தி!"

மாமியார் பின்னால் வந்தார். எல்லார் கையும் ஒரு கணம் நின்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை. அப்பளம் பொரித்த ஜல்லிக்கரண்டியோடு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, சோற்றை அரித்து அரித்துக் கரையில் போட ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். கைகள் மரத்துப்போகும்வரை ஊற்றினோம்.

வெயில் ஏறியது. கரண்ட் வந்து, மோட்டார்க் குழாய் இருமி இருமித் தண்ணீரைத் துப்பியது. வாய் பிளந்து நின்ற மீன்கள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கின. பெரிய கட்லாக்கள் சில மட்டும் வயிறு காட்டி மிதந்தன. அதில் ஒன்றை அவள் இரு கையிலும் ஏந்தி, தண்ணீருக்குள் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"உடு. அது போயிடுச்சி. இருக்கறதப் பாரு" என்றார் மாமியார்.

"மூடிடுவீங்களா அத்த?"

"மூடறவ எதுக்குடி இடுப்பளவு தண்ணியில நின்னுக்கினு கெடக்கறேன்?"

அவள் அப்போதுதான் அழுதாள். மாமியார் ஈரக்கையால் அவள் முகத்தைத் துடைத்துவிட, இன்னும் ஈரமானது.

தண்ணீர் தெளிந்து நான் சொல்லும்வரை ஒரு பிடி தவிடுகூடப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். சரி என்றாள், முகம் சரி என்று சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்த்தால், கரையில் குந்திக்கொண்டு தண்ணீரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பட்டினி கெடங்க கண்ணுங்களா. நான் சொல்லல, அந்த மேடம்தான் சொன்னாங்க. கோவம் வந்தா அவங்க மேல கோவிச்சிக்கங்க."